லார்ஜ் எண்டாப் பெரிசு

1933 கார்த்திகை 6, திங்கள்

விடியமுன்பிருந்தே மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்து தொங்குகிறது. கல்லடிப் புதுப் பாலத்தில் காற்று தள்ளிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது சேலை முழங்கால்வரை சேறு. பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரி, பெரிய மிஸ்ஸி, வாசலில் நின்று என் காலைப் பார்த்தா, முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவவின் முகத்தைப் பார்க்க ஆசை ஒன்றும் இல்லை.

ஏழாம் வகுப்பு. வாசகப் புத்தகத்தில் கள்ளன் கதை. கடைசி வசனம்: "த தீஃப் இஸ் ஸ்டில் அட் லார்ஜ்." தமிழில் சொல்லு என்றேன். மங்கையற்கரசி எழும்பி, "கள்ளன் இன்னும் பருமனாகவே இருக்கிறான்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிடிபடாமல் திரிகிறான் என்று அர்த்தம், மூளையை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய் என்று கத்தினேன். அவள் விடவில்லை. "லார்ஜ் எண்டாப் பெரிசுதானே டீச்சர்? மறுகா எப்பிடித் திரியிறது எண்டு வரும்?" வாயை மூடிக்கொண்டு இரு என்றேன்.

ஏன் அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. கோபம் அதில்தான்.

இன்று தம்பியின் வழக்கு. பெரிய மிஸ்ஸி (இனி பெ.மி.) எனக்கு லீவு தரவில்லை. பள்ளியால் வந்தால் அம்மா அறை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறா. அக்காதான் சொன்னா.

விஷயம் இவ்வளவுதான். வயல்களுக்கு அதிகாரியான வட்டை விதானையின் மாடுகள் எங்கள் வேளாண்மைக்குள் இறங்கித் தின்றன. தம்பி போய்க் கேட்டான். வாய்ச்சண்டை. மண்வெட்டிப் பிடியால் போட்டான், விதானைக்குக் கை முறிந்தது. அடித்தது பிழை. மாடு தின்றதும் பிழை. மாட்டுக்கு மறியல் இல்லை, தம்பியைத்தான் சிறையில் போட்டார்கள். போன கிழமை நீதவான் துரை பிணை சொன்னார், காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு ஆள் வந்து கையெழுத்து வைத்தால் விடலாம் என்று. இன்றைக்கு வந்தாறுமூலையிலிருந்து மாமா உறுதியோடு வந்தார். துரை உறுதியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஏதோ சொன்னார். உடனே அத்தான் எழும்பி அம்மாவிடம் சொன்னாராம்:

"பிணையைப் பெரிசாக்கிப்போட்டார் துரை. இனி நம்மளால ஏலாது. வீட்ட போங்க."

மாமா உறுதியை மடித்து மடியில் செருகிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அம்மா கூண்டுப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தாவாம். திரும்பினால் கத்தி அழுதுவிடுவேன் என்று பயந்தாவாம். தம்பியை மறியலுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த மழையில். அவனுக்கு இழுப்பு.

அத்தான் துரையின் கோட்டில், நீதிமன்றத்தில், முதலியார். துரை பேசும் இங்கிலீஷைச் சனத்துக்குத் தமிழில் சொல்வதும், சனம் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வதும் அவர் வேலை. நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலிருந்து அதே வேலை. குற்றவாளி தன் சொந்த மச்சினன் என்று புதுத் துரையிடம் அவர் சொல்லவில்லை. வெட்கக்கேடாம். பிரக்கிராசி ஒருவரைப் பிடித்து வழக்குப் பேசுவிப்போம் என்று அன்றைக்கே சொன்னேன். "நான் இருக்கக்குள்ள பிரக்கிராசி எதுக்கு?" என்றார்.

இப்போது பெரிய கதிரையில் இருக்கிறார். கால் இரண்டும் சுடுதண்ணிச் சட்டிக்குள். வீடு அக்காவுக்குக் கொடுத்த சீதனம், கதிரை அப்பாவின் கதிரை. இந்த வீட்டில் பெரிய கதிரை, பெரிய மீன் துண்டு, பெரிய குரல் எல்லாம் மருமகனுக்கு.

இனி இந்தக் கொப்பியில் அத்தான் என்று எழுத மாட்டேன். கை வரவில்லை. முதலியாரைச் சுருக்கி மு. போதும்.

7, செவ்வாய்

மழை. துணி ஒன்றும் காயவில்லை. சீலையில் பூஞ்சண மணம்.

பள்ளிக்கு முன் மறியலுக்குச் சோறு கொண்டுபோனேன். அம்மாவுக்கு எழும்ப ஏலாது. தம்பி சுவரில் சாய்ந்து குந்தியிருக்கிறான், தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது. விசில் மாதிரி மூச்சு. சோற்றைப் பார்க்கவில்லை.

"அம்மா ஏன் வரல்ல?"

"காய்ச்சல்."

"அக்கா, அவ கிறுகியும் பாக்காமப் போனா. மாமா உறுதியை எடுத்துக்கிட்டுப் போறார், அம்மா அவருக்குப் பின்னால போறா. என்னை வேணாம் எண்டா வேணாம் எண்டு சொல்லியிருக்கலாந்தானே."

பிணையைக் கூட்டிவிட்டார்கள், அதுதான் என்றேன். நம்பவில்லை. கூட நின்ற காவலாளி, "நேரம் போச்சு டீச்சர்" என்றான். அவன் மீசையைப் பிடித்து இழுக்கவேண்டும் போல இருந்தது.

பின்னேரம் மு. தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். இது அப்படியே எழுதி வைக்க வேண்டியது.

"எவ்வளவு கூட்டினவர்?"

"கூட்டினார் எண்டாக் கூட்டினார்."

"தொகை?"

"துரை தொகையைப் பிறகு சொல்லுவார்."

"தொகை சொல்லாம எப்பிடிக் கூட்டுறது? துரை என்ன சொல்லு பாவிச்சவர்?"

கோப்பையை மேசையில் அடித்து வைத்தார். "என்லார்ஜ்! லெட் ஹிம் பி என்லார்ஜ்ட் ஒன் பெய்ல்! லார்ஜ் எண்டாப் பெரிசு. என்லார்ஜ் எண்டாப் பெரிசாக்கிறது. இதுவும் தெரியாமலா நீ மிஷன் காசை வாங்கித் தின்னுறாய்?"

அக்கா குசினிக்குள் நின்று, பேசாதே என்று கண்ணைக் காட்டினா.   எனக்குத் தெரிந்ததும் அதுதான், லார்ஜ் எண்டாப் பெரிசு. ஆனால் "ஹிம்" என்றால் அவனை. அவனைப் பெரிசாக்கு என்றா துரை சொன்னார்? அவன் என்ன பூசணிக்காயா?

8, புதன்

மழை விட்டு விட்டு. வாவி ஏறிவிட்டது, கரையோரத் தென்னைகளின் அடியில் தண்ணீர்.

காலையில் ஒரு சிரிப்பு. இந்தக் கிழமைக்கே ஒன்றுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நாலு நாளாக வரவில்லை. தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் சின்னக் கிளாக்கர், தன் இங்கிலீஷைக் காட்டாமல் இருக்க முடியாதவர். லீவுத் துண்டு அனுப்பியிருக்கிறார்: "மை டோட்டர் ஹாஸ் பிகம் லார்ஜ்." பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாளாம். பெ.மி. அதைப் படித்துவிட்டு, வைத்தியரைப் பார்க்கச் சொல்லு என்றா. நான் விளக்கப்படுத்தவில்லை. இரண்டு பேரும் கிடந்து முழிக்கட்டும்.

இடைவேளையில் பெ.மி.யின் அறைக்குப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் பெரிய அகராதி, பூட்டுப் போட்டு. கை கழுவினாயா என்று கேட்டா. கழுவினேன் என்றேன். பக்கத்தை மடிக்காதே என்றா. என் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை என்றேன்.

லார்ஜ். ஒரு பக்கத்துக்கு மேல் வருகிறது. ஆதியில் அதற்குப் பெரிசு என்ற பொருளே இல்லை! லத்தீன் சொல்லாம், பிரெஞ்சுக்காரர் வாய்க்குள்ளால் வந்ததாம். முதற் பொருள் மிகுதி, தாராளம். கை விரிந்து கொடுக்கிறவன் லார்ஜ் மனிதன். பிறகு அகலம், விசாலம். பருமன் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது, இப்போது அதுதான் வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறது. கப்பற்காரருக்கு ஒரு பொருள், காற்றுப் பின்னால் நின்று தள்ளத் தடையில்லாமல் ஓடுவது. அட் லார்ஜ்: அகன்ற வெளியில், அடைப்பில்லாமல், கட்டில்லாமல். மங்கையற்கரசி கேட்டது நியாயமான கேள்வி. அவளிடம் சொல்லவேண்டும். (மன்னிப்புக் கேட்கமாட்டேன்.)

மூடப் போனேன். பிறகு ஈ எழுத்துக்குத் திருப்பினேன்.

என்லார்ஜ். ஒன்று: பெரிதாக்கு. இரண்டு: விரித்துப் பேசு. மூன்று: மறியலிலிருந்து விடு.

திரும்பத் திரும்பப் படித்தேன். பிணையில் விடுவதற்குக் கோட்டில் அந்தச் சொல்லைப் பாவிப்பார்கள் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. மணி அடித்தது. நான் அசையவில்லை. பெ.மி. "உன் வகுப்பு" என்றா. என் தம்பி என்றேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விட்டுவிடுங்கள் என்று துரை திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். மாமா கையில் உறுதி, அம்மா வாசலில், தம்பி கூண்டில். ஒரு கையெழுத்து வைத்திருந்தால் அன்றைக்கு வீட்டில் சோறு தின்றிருப்பான்.

பின்னேரம் மு. படலையைத் திறக்கும்போதே சொன்னேன். முகம் வெளிறியது. எனக்கு அது போதும், அவருக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று அப்போதே விளங்கிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. தெரியாது என்று கேட்கவும் இல்லை. பழைய துரை "ரிலீஸ்" என்பார், புதுத் துரை "என்லார்ஜ்" என்கிறார். துரையிடம் ஒருதரம் கேட்டால் குடுமி கழன்றா விழும்?

வெளிறல் கொஞ்ச நேரந்தான். பிறகு குரல் வந்தது.

"அது புத்தக இங்கிலீஷ். கோட்டு இங்கிலீஷ் வேற. பொட்டச்சி நீ எனக்குக் கோடு படிப்பிக்க வாறியா?"

"நாளைக்கே துரையிட்டப் போய்ச் சொல்லுங்க, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு."

"சொன்னா என்ர தொப்பியைக் கழட்டி வாசல்ல போடுவார். மறுகா உன்ர சம்பளத்திலயா இஞ்ச உலை வைக்கிறது?"

"அவன் அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்கான்."

"கிடக்கட்டும்! விதானைக்கு அடிக்கக்குள்ள தெரியல்லையா?"

உள்ளே போய்க் கதிரையில் விழுந்தார். கதிரை கிரீச் என்றது.

அக்கா கிணற்றடிக்கு வந்தா. வயிற்றுப் பிள்ளையோடு நிற்கிறா, மூன்றாவது. கையைப் பிடித்துக்கொண்டா. "தங்கச்சி, தம்பியை எப்பிடியும் எடு. ஊருக்கும் கோட்டுக்கும் இவரைக் காட்டிக் குடுத்துராத கா. வேலை போனா நானும் புள்ளைகளும் என்ன செய்யிற?" கையை உதறிவிட்டேன். பிறகு, சரி, ஊருக்கும் கோட்டுக்கும் சொல்லமாட்டேன் என்றேன். அக்காவையும் பிடிக்கவில்லை, அப்படிச் சொன்ன என்னையும் பிடிக்கவில்லை.

9, வியாழன்

மேகம், மழை இல்லை. பெ.மி.க்குத் தலைவலி என்று துண்டு. பொய்யும் இல்லை.

பஸ்ஸில் வந்தாறுமூலை. ஏறாவூரில் பாய்க்கட்டும் கோழிக்கூடையும் ஏறின. ஒரு கோழி வழி முழுக்க என் செருப்பைக் கொத்தியது. அதற்கும் என்னோடு கோபம்.

மாமா வயலிலிருந்து வந்தவர், காலும் கழுவவில்லை. என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

"என்னத்துக்கு வந்தாய்? திரும்பவும் கோட்டுல கொண்டு நிப்பாட்டிச் சிரிக்கவா? உறுதியை விரிச்சிக் காட்டினன். போதாது போ எண்டு போட்டாங்க. விதானையும் அவன்ட ஆக்களும் பாத்துக்கிட்டு நிண்டாங்க."

"போதும் எண்டுதான் மாமா துரை சொன்னவர். ஒரு சொல்லு விளங்காமப் போச்சு."

"ஆருக்கு விளங்கல்ல?"

வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"எங்களுக்கு."

"எங்களுக்கு எப்பிடி விளங்கும்? அதுக்குத்தானே மருமகன் அங்க நிக்கார்."

கோழி கொத்திய செருப்பைப் பார்த்தேன்.  பெரிய அறிவாளி என்று நினைப்பு உனக்கு, தகப்பன் மாதிரியே என்றார். பிறகு மாமி தந்த மோரைக் குடித்துவிட்டு, "விடியக்காத்தால வாறன். இந்தமுறை கிறுகிப் போகச் சொன்னா உன்ர தலையில கையெழுத்து வைப்பன்" என்றார்.

திரும்பி வரும்போது மறியல் வாசலில் இறங்கினேன். இன்று பார்க்க விடவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். தம்பியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

10, வெள்ளி

வெயில். நம்பமுடியாத வெயில்.

கோடு. ஈரக் குடையும் வெற்றிலையும் மணந்தது. நான், அம்மா, மாமா. வாசலில் அக்கா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா. வராதே என்று சொல்லியும் வந்தா. காவல் நிற்கிறா போல.

மு. தொப்பியும் நீளச் சட்டையுமாக மேசைக்குக் கீழே நின்றார். என்னைக் காணாத மாதிரி.

தம்பியைக் கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டிவிட்டது. அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா அவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றா.

துரை வயதானவர், சொல்லை மீசைக்குள்ளே பேசுகிறவர். இந்த மனிதனை விடச் சொல்லி இத்தனை நாளாகிறது, ஏன் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்டார். மு. அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பேச விடவில்லை. எழும்பி இங்கிலீஷில் நானே சொன்னேன், ஐயா, எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்று.

எந்தச் சொல்?

என்லார்ஜ்ட், ஐயா.

துரை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அது பழைய சட்டச் சொல், என்னோடு சேர்ந்து அதற்கும் வயதாகிவிட்டது என்றார். பிறகு மு.வைப் பார்த்து, முதலியார், நீர் இவர்களுக்கு விளங்கப்படுத்தவில்லையா என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

மு. சொன்னார், இமைக்காமல் சொன்னார்: விளங்கப்படுத்தினேன் ஐயா, படிப்பறிவில்லாத சனம், பயத்தில் போய்விட்டார்கள்.

துரை என்னிடம் திரும்பினார். அப்படியா?

யெஸ் சேர்.

இரண்டு சொல். என் வாழ்க்கையில் நான் பேசிய இங்கிலீஷில் அதுதான் அசிங்கமான இங்கிலீஷ்.

துரை இன்னும் ஏதோ புத்தி சொன்னார். மு. அதைக் கோடு முழுக்கக் கேட்கத் தமிழாக்கினார்: "விளங்காட்டி விளங்கல்ல எண்டு கேக்க வேணுமாம். வெக்கப்படக் கூடாதாம். துரை சொல்லுறார்."

மாமா கையெழுத்து வைத்தார்.  தம்பி கீழே இறங்கினான்.

தம்பி மு.வோடு ஒரே மாட்டுவண்டியில் முன்னால் வந்தான். நாங்கள் பின்னால் நடந்து வந்தோம். வழியில் என்ன பேசினார்களோ.

11, சனி

வெயில். எல்லாத் துணியும் வேலியில்.

தம்பிக்கு எண்ணெய் வைத்துத் தலைமுழுக்கு. மறியல் உடுப்பை அம்மா வளவுக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தா. மூச்சு இப்போது பரவாயில்லை, விசில் குறைவு. அக்கா வாவி நண்டு வாங்கிக் குழம்பு. முருங்கையிலை போட்டது. பெரிய சட்டி. பழக்கப்படி சட்டி மு.வின் முன்னால், பெரிய நண்டெல்லாம் அவருக்கு, மற்றவர்களுக்கு எட்டிய கால்.

தம்பி இரண்டு பிடி தின்றுவிட்டு, "அத்தான் இல்லாட்டி நான் அங்கயே இழுத்துச் செத்திருப்பன்" என்றான்.

கையிலிருந்த நண்டுக்காலைச் சோற்றுக்குள் போட்டேன்.

மு. துரையின் அறைக்குள் போய்ப் பேசினாராம். கூட்டின பிணையைக் கெஞ்சிக் குறைப்பித்தாராம். வண்டியில் வரும்போது சொன்னாராம். மு. ஒரு நண்டை உடைத்துக்கொண்டு, "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப, சாப்பிடு" என்றார்.

தம்பி அம்மா பக்கம் திரும்பினான். "நீ ஏன் கிறுகிப் பாக்காமப் போனாய்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "என்னட்ட அவ்வளவு இல்லாமப் போச்சு மனெ" என்றா.

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது. ஊருக்கும் கோட்டுக்குந்தான் சொல்லமாட்டேன் என்றேன், வீட்டுக்குள் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துரை கூட்டவே இல்லை. விடு என்றுதான் சொன்னார். இவருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்காக உன்னை அங்கே போட்டு வைத்தார். குரல் ஏறிவிட்டது. சின்னவன் அழத் தொடங்கினான்.

மு. தலையை மட்டும் ஆட்டினார், பைத்தியத்தைப் பார்த்து இரங்குகிற மாதிரி. நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்குத் தெரியும். அக்கா அழுத பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தா.

தம்பி சொன்னான்: "நீ எப்பவும் அத்தானோட கொழுவுற ஆள்தானே அக்கா. ஆரோடதான் நீ கொழுவல்ல? அவர் பெரிய மனுசன்."

பெரிய மனுசன்.

சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வாளியைப் போட்ட வேகத்தில் கயிறு கையைச் சுட்டது. பின்னால் அம்மா வந்து நின்றா.

"அந்தச் சொல்லு என்ன புள்ள?"

"என்லார்ஜ்."

"அதுக்கு விடுறதெண்டா கருத்து?"

"ஓம்."

"அப்ப, அண்டைக்கு உன்ர மாமன் கையெழுத்து வைச்சிருந்தா?"

"அண்டைக்கே வந்திருப்பான் அம்மா."

அம்மா துணி தோய்க்கும் கல்லில் குந்தினா. நான் சொன்னதை நம்பினாவா என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி உள்ளே போனா. நானும் பின்னால் போனேன்.

மு. அடுத்த நண்டுக்குக் கையை நீட்டியிருந்தார். அம்மா குனிந்து, அந்தக் கைக்குக் கீழிருந்த சட்டியைத் தூக்கினா. கொண்டுபோய்த் தம்பியின் முன்னால் வைத்தா. மு.வின் கை அப்படியே நின்றது. அம்மா கிறுகியும் பார்க்கவில்லை.